ஒரு ரெசிஸ்டர்

கூடத்தில் அண்ணன் ஐஸ் பெட்டிக்குள் கிடக்க, தம்பி பின்னறையில் அண்ணனுடைய பாட்டு கேட்கும் வால்வு செட்டின் அடித்தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தலை முழுக்க நரைத்தாகிவிட்டது, கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

"செத்த வீட்டுல என்னடா பண்ற?" என்றார் வாசலில் நின்ற சித்தப்பா.

"அந்த ரெசிஸ்டரப் போட்டானா இல்லையான்னு பாக்கணும் சித்தப்பா."

போடவில்லை. தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகிற வரைக்கும் பிடிவாதம்!

ரேடியோ கடை நடத்திய காலத்தில் இருவரும் சேர்ந்து கட்டிய செட் அது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, வழக்கமான திருகுக்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார்கள். அது கொஞ்சம் முரட்டுப் பிறவி. முன்னால் இருக்கும் வால்வும் பின்னால் ஏறும் மின்சுமையும் அதற்குப் பொருந்த வேண்டும். இம்பீடன்ஸ் என்கிற அந்த மின் எதிர்ப்பு பொருந்தாவிட்டால், பாட்டின் உச்சியில் 'ஈ' என்று ஒரு கூரான இரைச்சல் ஒட்டிக்கொண்டே வரும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிட்டால் அடங்கிவிடும் என்றான் தம்பி.

"எங்கடா சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்று சிரித்தான் அண்ணன். அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"சுத்தமாத்தான் இருக்கு," என்றாள் அண்ணி.

அன்றோடு பேச்சு நின்றது. கடை இரண்டானது. தம்பி தன் மகள் கல்யாணத்துக்குக்கூட அண்ணனை அழைக்கவில்லை.

இப்போது சட்டைப்பையிலிருந்து ரெசிஸ்டரை எடுத்துக்கொண்டு, பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பிளக்கில் சொருகினான். அண்ணி வந்து கதவைச் சாத்தினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவருக்குக் காது போயிடுச்சு தம்பி. கீச்சுன்னு வர்ற சத்தம் எதுவும் விழாது. நீங்க சண்டை போட்ட அன்னைக்கே அப்படித்தான்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"அவருக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. ரேடியோக்காரனுக்குக் காது கேக்கலன்னா ஊர் சிரிக்கும்னார்."

"நான் ஊரா அண்ணி?" அவன் குரல் உயர்ந்தது. "சரி, உங்களுக்குக் கேட்டுச்சா?"

அண்ணி தரையைப் பார்த்தாள். "கேட்டுச்சு. தினமும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கேக்குதுன்னு சொன்னா, காது போச்சுன்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சு போயிடுமே."

பாவி மனுஷி. அவள் மேல் பாய்ந்த கோபம் அங்கே நிற்க இடமில்லாமல் தன் மேலேயே திரும்பியது. எங்கே சத்தம் என்று அண்ணன் நிஜமாகவே கேட்டிருக்கிறான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் முறுக்கிக்கொண்டு திரிந்தோமே என்று தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

குனிந்து ரெசிஸ்டரைப் பற்றவைத்தான். விரலையும் சுட்டுக்கொண்டான். செட்டை நிமிர்த்தி சுவிட்சைப் போட்டு, வால்வுகள் சிவக்கும் வரை காத்திருந்து, ஒரு இசைத்தட்டை மெல்ல ஓடவிட்டான். ஒரு பெண் குரல் மேலே ஏறியது. உச்சியில் அந்த 'ஈ' ஒட்டவில்லை.

"சாவு வீட்டுல பாட்டு போடறாங்க," என்று கூடத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அந்த இரைச்சல் போயிடுச்சு," என்றாள். பிறகு, "அவருக்கு எப்பவும் இப்படித்தான் கேட்டிருக்கும், இல்ல?"

தம்பி செட்டைப் பிடித்தபடியே நின்றான். வெளியே சித்தப்பா கேட்டுக்கொண்டிருந்தார்: "தூக்கலாம்ப்பா. கூடப் பொறந்தவன் எங்க?"