கோபத்தில் போட்ட மதிப்பெண்

மூன்றாம் முறையாக அந்தத் தாளை எடுத்தபோது, பக்கத்து மேசையில் தர்க்கவியல் பாடம் எடுக்கிறவர் தலையைத் தூக்கினார்.

"இன்னுமா அந்தப் பொண்ணு பேப்பர்? கோழி அடைகாக்கிற மாதிரில்ல வச்சிருக்கீங்க மேடம்!"

கல்லூரியில் நாங்கள் இருவரும் தத்துவம் நடத்துகிறோம். 'சில அநியாயங்கள் கோபம் வந்தவர் கண்ணில்தான் முதலில் படும்' என்பது அந்த மாணவியின் வாதம். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: 'கோபம் ஒரு காரணம் ஆகாது.' முப்பத்தெட்டு. தேற நாற்பது வேண்டும். தேறாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் வீண்.

அதைத் திருத்த உட்காருவதற்குச் சற்று முன்புதான் அக்கா போனில் கத்தியிருந்தாள். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு நாள் லீவு போட உனக்கு மனசு வரல. ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லிக்கொடுக்கிறியே, உனக்கு யாருடி சொல்றது?"

"கோபத்துல பேசினா நான் பதில் சொல்ல மாட்டேன்க்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வெகு நிதானமாக.

அக்காவுக்குச் சொன்ன பதிலையே அந்தப் பெண்ணின் தாளிலும் எழுதியிருக்கிறேன் என்பது, நேற்று முடிவுகளை ஒட்டிய பிறகுதான் உறைத்தது. இப்போது படித்தால் வாதம் நன்றாகவே நிற்கிறது. ஐம்பத்தைந்து போடலாம்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்குக் கோபம் மார்க் போட்டுச்சு. இன்னிக்கு உறுத்தல் போடுது. ரெண்டுல எதை நம்புறது?"

தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். "நீங்க படிங்க சார், என் மார்க்கைப் பாக்காம."

"படிக்கிறேன். ஆனா மறுதிருத்தல் ஃபாரத்துல காரணம் கேப்பாங்க. கூட்டல் தப்புன்னு போட்டுடுங்க, எல்லாரும் அதான் போடுறாங்க."

'கூட்டல்' வரை எழுதிவிட்டேன். நிதானமாகப் பேசியே எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தப்பித்திருக்கிறேன் என்று நினைத்ததும் கை நின்றது. அதை அடித்துவிட்டு எழுதினேன்: 'கோபத்தில் திருத்தினேன். வேறொருவர் படிக்க வேண்டும்.'

அவர் எட்டிப் பார்த்தார். "கூப்பிட்டு விசாரிப்பாங்க மேடம்."

"விசாரிக்கட்டும் சார்."

லீவு படிவத்தையும் நிரப்பினேன். ஆபரேஷன் முடிந்து ஆறு நாளாகிவிட்டது. கண்ணில் சொட்டு மருந்து விடவாவது ஆள் தேவைப்படலாம். பிறகு அக்காவின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோபம் தணிந்து, என்னிடம் எதிர்பார்ப்பதையே அவள் விட்டிருக்கக் கூடாதே என்று பயமாக இருந்தது.