எட்டாத கல்

கஸ்பார் ஜெய்தூன் பீவிக்குத் தர வேண்டியது நானூற்று முப்பது ரூபாய். மனைவி இஞ்ஞாசியின் ஆபரேஷனுக்கு வாங்கியது. "பணமா வேணாம்ப்பா. தோட்டத்தப் பழையபடி ஆக்கிக் குடு, கடன் தீந்துச்சு" என்று எண்பத்தேழாம் வருஷக் கோடையில் பீவி சொன்னார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மூத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் குடிவந்த வீடு. ஓடும் இல்லை, தூணும் இல்லை. தட்டைக் கூரை, சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. பேகம்பூரில் அதற்குப் பெட்டி வீடு என்றே பெயர். கணவர் போனபின் முன்புறம் சீமைக்கருவேலங்காடாகிக் கிடந்தது. கஸ்பார் தூரோடு வெட்டினான். சிமெண்டுத் தொட்டிகளில் குரோட்டன்ஸ் வைத்தான். வாசலில் இருந்து கேட் வரை புல்லுக்கு நடுவே போன நடைகற்கள் மண்ணில் புதைந்திருந்தன. கிளப்பிக் கழுவி, அதே பள்ளத்தில் பதித்தான்.

பீவி நடந்து பார்த்தார். மூன்றாவது கல்லில் நின்றுவிட்டார்.

"கல்லு கொறையுதே. எங்க வித்த, அப்பு?"

"மாதா சத்தியமா இல்லம்மா. இருந்த எடத்துலதான் போட்ருக்கேன்."

"இதுல ஓடுனவடா நானு. இப்ப எட்டவே மாட்டேங்குது. திருடிட்டு எட்ட எட்டப் போட்டா தெரியாதாக்கும்?"

அன்றிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். சாயங்காலம் தூக்குவாளியைத் திறந்து காட்டச் சொன்னார்.

"அம்புட்டுக் கல்லையும் கஞ்சிக்குள்ளயாம்மா ஒளிச்சிருக்கேன்?"

கிழவிக்குக் கடனைத் தீர்க்க மனசில்லை, தோட்டம் முடிந்தால் ஓசி ஆள் போய்விடுவான், அதற்குத்தான் இந்த நொட்டை என்று கஸ்பார் நினைத்தான்.

மறுநாள் கேட்டில் கீரைக்காரி கூப்பிட்டாள். பதினைந்து வயதுப் பேத்தி சர்புன்னிசா காசோடு ஓடினாள். பேச்சு வாக்கில், கீழே பார்க்காமலே. ஒரு கால்கூடப் புல்லில் படவில்லை. கல்லுக்குக் கல் பாதம் போய் உட்கார்ந்தது.

பீவி நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்தார். பேத்தியைப் பார்த்தார். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

"நெருக்கிப் போட்டுரவாம்மா?"

"வேணாம். அதது அது எடத்துல கெடக்கட்டும்." தூக்குவாளியைத் திறந்து பார்க்காமலே எடுத்து அவன் கையில் கொடுத்தார். "ஒங்கடன் தீந்துச்சு, கஸ்பாரு. வீட்டுக்குப் போ."

அவன் நம்பவில்லை. நாளைக்கு வேறொன்று கிளப்புவார். மண்வெட்டியைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு, கேட் தாண்டித் திரும்பிப் பார்த்தான். பீவி வெள்ளைச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார், ஒரு கால் கல்லில், ஒரு கால் புல்லில்.