அவங்க கொடுத்த முகவரி

தொழிற்சங்க அறையைப் பூட்டிக்கொண்ட நிர்வாகம், பழைய பிரிண்டரை மட்டும் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தது. அதன் திரை எப்போதோ செத்துவிட்டது. சைக்கிள் ஷெட்டுக்குத் தூக்கி வந்த பிறகுதான் தெரிந்தது, அதில் இன்னும் கம்பெனி நெட்வொர்க்கின் முகவரிதான் இருக்கிறது. ஷெட்டில் இருந்த மோடத்தை அது மதிக்கவேயில்லை.

மாலை ஷிப்ட் மாறும்போது பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வாக்கெடுப்பு. அதற்கான ஒப்பந்தத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று எழுதிய நோட்டீஸ் அதற்குள் எல்லார் கைக்கும் போயாக வேண்டும். வெளியே கடைக்குப் போக கேட் பாஸ் கிடையாது. மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்: "என் ரூம்ல அடிச்சுக்கங்க. நான் ஒரு தடவை படிச்சுப் பாத்துடறேன்."

சங்கச் செயலாளர் ஸ்டோர் கிளார்க். கம்பெனி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது அவளுடைய கொழுந்தன். அவனே போன் செய்தான்.

"அண்ணி, ரீசெட் மட்டும் பண்ணிடாதீங்க. இருக்கற அட்ரஸும் போயிடும். திரை இல்லாம திரும்பக் குடுக்க முடியாது."

"போகட்டும் தம்பி. அவங்க குடுத்த அட்ரஸ் நமக்கு எதுக்கு?"

"என் வேலைக்கு வேட்டு வைக்காதீங்க."

"நீ சொல்லித்தான் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீதான் வேணாம்னு சொல்றியே!"

பின்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்து பிரிண்டரை வெறுமையாக்கினாள். மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து, 192.168.1.60 என்ற முகவரி காலியாக இருக்கிறதா என்று, 'யாராவது இருக்கீங்களா' எனக் கேட்கும் பிங் கொடுத்தாள். பதில் மடமடவென்று வந்தது.

"வந்துடுச்சு!" கடைசல் பிரிவில் எல்லாரும் மைக்செட் என்று கூப்பிடும் பையன் கைதட்டினான். பெயருக்கேற்ற தொண்டை.

"பிரிண்டர் கேபிள் என் கையில இருக்கு. பதில் சொல்றது யாரு?"

ஷெட்டில் கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனை அணைத்தார்கள். மைக்செட்டின் போன் அணைந்ததும் பதில் நின்றது; 60-ஐ மோடம் அவன் போனுக்குக் கொடுத்திருந்தது.

"எதுலயும் நீதான்டா முந்திக்கிட்டு பதில் சொல்லுவ."

மோடம் போன்களுக்குக் கொடுக்காத 240 என்ற கடைசி எண்ணுக்குப் போனாள். பிங்குக்குப் பதிலில்லை, காலி. பிரிண்டரின் முதுகில் ஒட்டியிருந்த வன்பொருள் எண்ணைத் தூசி துடைத்துப் படித்து, 'இந்தக் கருவிக்கு இந்த முகவரி' என்று சொல்லும் ஆர்ப் கட்டளையால் 240-ஐ அந்த எண்ணோடு முடிச்சுப் போட்டாள். கேபிளைச் செருகினாள். முகவரியைப் பிரிண்டரிடம் கொண்டு சேர்க்க மறுபடியும் பிங்.

பதில் இல்லை. பதில் இல்லை. மூன்றாவது வரியில் 240 பதில் சொன்னது.

பிரிண்டர் இருமி, முனகி, முதல் தாளைத் துப்பியது. மேலே கொஞ்சம் கறை. எழுத்து ஒன்றும் குறையவில்லை.

அவள் அதை மைக்செட்டிடம் நீட்டினாள். "மேலாளர் படிச்சுப் பாக்கணும்னாரே. குடுத்துட்டு வா."

"எல்லாருக்கும் முன்னாடியா அக்கா?"

"எல்லாருக்கும் குடுத்த அப்புறம்."