யாரென்று கேட்காத அழுகை

டோக்டோசுன் பெரியப்பா கம்பளக் கூடாரத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நின்று மருத்துவம் பேசிக்கொண்டிருந்தார். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்றவர். ஊசியைத் தொட்டதில்லை, ஊசி போட்டவர்களை மிரட்டிய அனுபவம் மட்டும் நிறைய.

“எதிர்ப்பு சக்தி இல்ல. அம்புட்டுதான். ஆட்டுமயிர் வெட்டுறப்ப கத்திரி கிழிச்ச விரலுக்கு ஒருத்தன் சாவானா? வீட்ல வெறும் உருளைக்கிழங்கா அவிச்சுப் போட்டா உடம்பு எப்படித் தாங்கும்?”

வாசலுக்கு முதுகு காட்டி, கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஜூரா திரும்பவில்லை. புருஷன் தீலெக் திரைக்கு அந்தப் பக்கம் பிணமாகக் கிடந்தான். மாமியார் காலையிலேயே சொல்லிவிட்டாள்: நாற்பதாம் நாள் காரியம் முடிந்ததும் மருமகள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பலாம்; பேரன் இங்கேயே இருப்பான்.

பெகாயிம் பல்லைக் கடித்தாள். செத்தது அவள் அண்ணன். தலைநகர் பிஷ்கெக்கில் ரத்த அணுக்களை ஆராய்வது அவள் பிழைப்பு. விளக்க வாயெடுத்தபோதெல்லாம் பெரியப்பா, “அதத்தான் நானும் சொல்றேன்” என்று வேறொன்றைச் சொன்னார்.

வெளியே ஓர் ஓலம். “ஐயோ, என் ஈரக்குலையே!”

கார் கதவைச் சாத்தாமலே ஒருவர் ஓடிவந்தார். வழக்கப்படி வாசலுக்கு வெளியே கம்பூன்றி நின்ற ஆண்கள் பதிலுக்கு ஓலமிட்டார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள், பெகாயிமும்தான். பெரியப்பா வந்தவரைக் கட்டிக்கொண்டு குலுங்கினார்.

ஓய்ந்ததும் வந்தவர் மூக்கைச் சிந்தினார். “எழுபதுலயும் கல்லு மாதிரி இருந்தாரே, சாலிபெக் வாத்தியார்!”

“அந்தச் சாவு பாலத்துக்கு அந்தாண்டங்க,” என்றார் பெரியப்பா, கைகளை விலக்காமலே. “வந்ததுதான் வந்தீங்க, ஒரு வாய் கறி சாப்ட்டுப் போங்க.”

அவரும் சாப்பிட உட்கார்ந்தார்.

பெகாயிம் தாயிடம் நகர்ந்தாள். “அம்மா, அந்தாளு யாருக்காக அழறாருன்னு யாராவது கேட்டோமா?”

“சாவு வீட்ல யாருடி கேப்பா?”

“உடம்புக்குள்ள கேக்கும். கிருமியோட ஒரு துண்டை ஒரு அணு நீட்டும். காவல் அணு ஒவ்வொண்ணும் பாத்து, நமக்கானதான்னு சோதிக்கும். ஆயிரத்துல ஒண்ணு எழும்பினாலே அதிகம். அண்ணனுக்கு வந்த கிருமியோட விஷம் துண்டைப் பாக்கவே விடல. ரெண்டு அணுவையும் வெளியிலேர்ந்தே சேத்துக் கட்டிப்புடிச்சிடுச்சு. அஞ்சுல ஒண்ணு கத்த ஆரம்பிச்சுது. அந்தக் கூச்சல்லதான் ரத்தக்குழாயெல்லாம் கசிஞ்சு அண்ணன் போனான்.”

“அப்ப எதிர்ப்பு சக்தி…” என்றார் பெரியப்பா.

“நெறையவே இருந்துச்சு. அதுதான் கொன்னுது.”

“அதத்தான் நானும்…”

யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஜூராதான் சுவரை விட்டு பெகாயிமிடம் திரும்பினாள், அன்று முதல்முறையாக.

“அப்ப நான் நல்லா ஆக்கிப் போட்டதுதான் தப்பா?”

பெகாயிமின் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

அம்மா எழுந்தாள். மருமகளின் முன்னால் ஆறிக் கிடந்த தேநீரை வெளியே கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். வெண்ணெய் ஒரு கட்டி போட்டாள். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும்.