ஊர் மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி

என் வீட்டுக்காரர் ஜோயலுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ராஜபாளையத்தில் மலையைப் பார்த்து வளர்ந்தவர். கண்மாய் நிறைந்து மறுகால் போனால் அதையே கடல் மாதிரி வாய் பிளந்து பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷன்தான் கிருஷ்ணன்கோவிலுக்குக் கல்லூரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகக் கார் வாங்கி, பின்கண்ணாடியில் 'தீவுக் கிராமம், வயல்வெளி, கடற்கரை. ஒரே நாளில், உங்கள் குடும்பத்துக்கு மட்டும்' என்று ஒட்டிக்கொண்டார்.

தீவு என்றால் பாம்பன் தீவு, நான் பிறந்த இடம். வயல்வெளி போகிற வழியில் தானாக வரும். கடற்கரை என் அண்ணன் இருதயத்தின் வீட்டு வாசல். வருகிறவர்களை அண்ணன் வள்ளத்தில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவான், மதினி மீன்குழம்பு வைத்துப் போடுவாள். ஆகமொத்தம் என் வீட்டுக்காரர் ஊராருக்குக் காட்டிக்கொண்டிருந்ததெல்லாம் என் பிறந்த வீட்டைத்தான். இதை நான் கேலியாகச் சொல்லும்போதெல்லாம் அவரும் சிரிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நானும் சொல்வதில்லை, அவரும் சிரிப்பதில்லை.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் வலை போடக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மணி அடித்தால் வள்ளங்கள் கரையேறிவிடும். மீறினவன் அந்த வருடத் திருவிழாவில், தோளில் சுமந்து வருகிற மாதா சப்பரத்தைத் தொட முடியாது. வெளியூர்க்காரர்களுக்கு இது என்ன பெரிய தண்டனை என்று தோன்றலாம். எங்கள் வீட்டுக்கு அது பெரிது. சப்பரத்தின் முன்பக்க இடது தண்டு எங்கள் தாத்தா பிடித்தது. பிறகு அப்பா பிடித்தார். அப்பாவைக் கடல் கொண்டுபோன வருடம், மீசைகூட ஒழுங்காக முளைக்காத அண்ணன் அந்த இடத்தில் தோள் கொடுத்து நின்றான். அம்மா அன்றைக்குத்தான் அழுகையை நிறுத்தினாள். வருடம் முழுக்க வெயிலிலும் உப்பிலும் கிடக்கிற என் அண்ணன், அந்த ஒரு ராத்திரி மட்டும் ஊருக்கே மூத்தவன் மாதிரி நடப்பான்.

இதெல்லாம் ஜோயலுக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறேன். தெரிந்துதான் ஸ்ரீவில்லிபுத்தூர் சுயம்புலிங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். சுயம்புலிங்கம் புனேயில் பெரிய வேலை. மனைவி ஈஸ்வரியோடு லீவுக்கு வந்தவர், திங்கட்கிழமை விமானம் ஏற வேண்டும்.

"வேற நாள் அவியளுக்கு இல்லைட்டி. உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளு" என்றார்.

இத்தனைக்கும், சிலை கும்பிடாத தன் சபையில் யாராவது ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால் ஆறு மாதம் அதையே பேசுகிற ஆள். எங்கள் ஊர்க் கட்டுப்பாடு என்றால் மட்டும், "அது உங்க ஆளுக போட்டுக்கிட்ட சட்டம்" என்பார். நான் கொஞ்சம் சண்டை போட்டேன். அப்புறம், வள்ளம் கிடையாது என்று அண்ணன் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்று போன் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமையா? தங்கச்சி, நீயே இப்படிக் கேக்கலாமா? சாப்பாடுன்னா கூட்டிட்டு வா. வள்ளத்த எறக்க முடியாது."

ஜோயல் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"மச்சான், வலையே வேண்டாம். ஆளுகள ஏத்திச் செத்த நேரம் ஒரு சுத்து, அம்புட்டுத்தான். இதுவரைக்கும் நான் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. மாப்பிள்ளை கேக்கேன்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. ஜோயல் போய் இறங்கினால் மதினி குழம்பில் கிடக்கிற மீன்தலையைத் தேடி எடுத்து அவர் தட்டில் வைப்பாள். அண்ணன் தன் வீட்டிலேயே அவருக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் தரையில் உட்காருவான். அது ஜோயலுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தார்.

"சரி மாப்பிள்ளை" என்றான் அண்ணன்.

விடியுமுன் கிளம்பினோம். ஈஸ்வரியை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனசுக்காரி. என் அண்ணன் வீட்டுக்கென்று பால்கோவா வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பரமக்குடி தாண்டி ஒரு களத்தில் மிளகாய் காய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாள். "சிவப்புச் சேலை விரிச்ச மாதிரி இருக்கு, அக்கா" என்று கண் எரியச் சிரித்தாள். பாம்பன் பாலத்தில் கார் ஏறியதும் இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி கூவினார்கள். ஜோயல் கண்ணாடியில் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலப் புருவத்தைத் தூக்கினார்.

ஊரில் பூசை நடந்துகொண்டிருந்தது. கரையில் ஈ காக்கை இல்லை. அண்ணன் பூசைக்குப் போகாமல் வள்ளத்தோடு நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான், ஆனால் கண் கோயில் பக்கமே போய்ப் போய் வந்தது. நாங்கள் ஏறினோம். அலை இல்லாத கடல், ஈஸ்வரி தண்ணீரில் கைவிட்டு விளையாடினாள். அதோடு கரைக்குத் திரும்பியிருந்தால் ஊர் அதைப் பெரிதாக எடுத்திருக்காது.

வள்ளத்தின் ஓரத்தில் வீச்சுவலை கிடந்ததை சுயம்புலிங்கம் பார்த்துவிட்டார்.

"வலை வீசுறத ஒரு வீடியோ எடுத்துக்கறேன், அண்ணாச்சி. இவ்வளவு தூரம் வந்துட்டு அது இல்லாம எப்படி?"

"இன்னைக்கு வலை போடக் கூடாது சார்."

"சும்மா வீடியோவுக்குத்தானே. மீன் பிடிக்கவா போறோம்?"

அண்ணன் ஜோயலைப் பார்த்தான். மாப்பிள்ளை வாயைத் திறந்து வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், முடிந்தது. ஜோயல் மிதவைச் சட்டையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே, "மீனே வராத எடமாப் பாத்து ஒரே ஒரு வீச்சு வீசிருங்க மச்சான். மனசு நெறஞ்சு போகட்டும்" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

அவன் வள்ளத்தைத் திருப்பி, பாசியும் பாறையுமாக இருக்கிற ஓர் இடத்துக்குக் கொண்டுபோனான். அங்கே எங்கள் ஊரில் எவனும் வலை நனைக்க மாட்டான், ஒன்றும் கிடைக்காது. எழுந்து நின்று வீசினான். இழுத்தபோது வலை கனத்தது. அவன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். வலை நிறைய மீன். கடவுளுக்கு அன்றைக்கு எங்கள் வீட்டோடுதான் விளையாட்டு. அண்ணன் அவசர அவசரமாக ஒவ்வொன்றாக எடுத்துக் கடலில் விட ஆரம்பித்தான்.

"ஐயோ, இத விட்றாதீங்க!" என்று ஈஸ்வரி ஒரு பெரிய கொடுவாய் மீனை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். விருந்தாளியின் கையிலிருந்து பிடுங்கவா முடியும்? அவள் அதைத் தூக்கிக்கொண்டே கரையிறங்கினாள். சரியாக அப்போதுதான் பூசை முடிந்து ஊர் வெளியே வந்தது.

கோயில் முன்னால் பூவரச மரத்தடியில் கூட்டம் கூடியது. அண்ணன் நடுவில் கைகட்டி நின்றான். ஊர்த்தலைவர் இம்மானுவேல் எங்கள் அப்பாவோடு கடலுக்குப் போனவர். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஜோயல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றது அவர் கண்ணில் பட்டது.

"ஏலே, மாப்பிள்ளை நிக்காரு. நாற்காலி போடுங்கலே."

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. ஓர் ஆள் அதைத் துண்டால் தட்டித் துடைத்து முன்வரிசையில் போட்டான். ஜோயல் உட்கார்ந்தார். உட்காராமல் இருந்திருக்கலாம். என் அண்ணன் நிற்க, அவனுக்கு எதிரே என் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பெண்கள் பக்கம் நின்று பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற மதினி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"வலை போட்டியா இருதயம்?"

"போட்டேன்."

"யாரு சொல்லிப் போட்ட?"

"யாரும் சொல்லல. எனக்காத் தோணிச்சு, போட்டேன்."

ஜோயல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து சொல்லுங்க, எழுந்து சொல்லுங்க என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். நானாவது சொல்லியிருக்கலாம். கட்டிக்கொடுத்த பெண் ஊர்க்கூட்டத்தில் பேசும் வழக்கமில்லை என்று அந்த நேரம் பார்த்து எனக்கு வழக்கம் நினைவுக்கு வந்தது, வெட்கங்கெட்டவள்.

இம்மானுவேல் பெரிதாகப் பேசவில்லை. "கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒண்ணுதான். இந்த வருசம் நீ சப்பரத்துல கைவைக்க வேண்டாம்" என்றார். அண்ணன் தலையாட்டினான்.

"ஆனா உங்க வீட்டு எடம் காலியாக் கெடக்கக் கூடாது. உனக்கு ஆம்பளப் பிள்ளையும் இல்ல. அதனால மாப்பிள்ளை நிக்கட்டும்."

ஜோயல் நிமிர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றார்.

"ஐயா, நான்தான் போடச் சொன்னேன். மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல. என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

"தெரியும் மாப்பிள்ளை" என்றார் இம்மானுவேல். "வள்ளத்த விட்டு நீங்களும் எறங்குனத ஊரு பாக்கலையா? ஊர் மாப்பிள்ளைக்கு ஊர்க் கட்டுப்பாடு கெடையாது. உக்காருங்க. ஏட்டி, மாப்பிள்ளை வெயில்ல வந்திருக்காரு, இளநி வெட்டிக் குடுங்க."

அவர் மரியாதையாகச் சொன்னாரா, செருப்பால் அடித்தாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. இளநீரை ஜோயல் இரண்டு கையாலும் வாங்கினார். குடிக்கும்போது சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் சுயம்புலிங்கம்தான் பேசினார். "டூர் அருமை ஜோயல். அதுலயும் அந்த ஊர்ப் பஞ்சாயத்து இருக்கே, நிஜம் மாதிரியே இருந்துச்சு. வாராவாரம் நடத்துறீங்களா?" ஈஸ்வரிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், அவர் தொடையில் கிள்ளினாள். "இல்ல சார்" என்றார் ஜோயல். அவர்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்டு ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை அவர் பிளேடை வைத்துப் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

திருவிழா நெருங்கியது. அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று ஜோயல் ஒரே பிடியாக நின்றார். "எங்க சபையில இதெல்லாம் கெடையாது" என்று அதற்கு ஒரு சாக்கும் வைத்திருந்தார். அண்ணன் போன் பண்ணினான்.

"நீங்க வரலைன்னா அந்த எடம் அடுத்த வீட்டுக்குப் போயிரும். பொறவு எங்களுக்குத் திரும்ப வராது. நானும் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. மச்சான் கேக்கேன்."

அவன் குத்திக்காட்டப் பேசுகிறவன் இல்லை. இடம் போய்விடக் கூடாது என்கிற ஒரே கவலையில் கேட்டான். அதுதான் ஜோயலைப் படுத்தியது. போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் ஜோயல் கிளம்பினார். திருவிழா ராத்திரி மாதா சப்பரம் புறப்பட்டது. எங்கள் சுரூபங்களுக்கு முன்னால் ஒருநாளும் கைகூப்பாத மனுஷன் இடது தண்டுக்குக் கீழே வந்து நின்றார். அண்ணன் தன் தோளில் போடுகிற பழைய துண்டை எட்டாக மடித்து அவர் தோளில் வைத்துத் தட்டிச் சரிசெய்தான். "தண்ட எலும்புல வாங்காதீங்க, சதையில வாங்குங்க. காலப் பாத்து நடங்க." சொல்லிவிட்டு விலகிக்கொண்டான். தண்டு தூக்கியதும் ஜோயலின் முழங்கால் மடங்கியது, பிறகு நிமிர்ந்தது. அண்ணன் சப்பரத்தைத் தொடாமல், ஓரமாக, அவரோடு சேர்ந்தே தெருத்தெருவாக நடந்தான். பழக்கதோஷம், அவன் இடது தோள் இறங்கியே இருந்தது. இரண்டு பக்கமும் நின்ற சனம், "மாப்பிள்ளை தூக்குதாரு, மாப்பிள்ளை தூக்குதாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது. ஜோயல் அழுதுகொண்டே நடந்தார். பக்தி என்று நினைத்து ஒரு கிழவி அவர்மேல் பூப்போட்டாள்.

அண்ணன் வீட்டுக்கு வந்து ஜோயல் சட்டையைக் கழற்றியபோது தோள் கன்றிச் சிவந்திருந்தது. அண்ணன் எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து தடவ உட்கார்ந்தான். ஜோயல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், என்னைய ஒரு அடியாவது அடிச்சிருங்க."

அண்ணன் சிரித்துவிட்டான். "நல்லா இருக்கே கதை! மாப்பிள்ளைய யாராச்சும் அடிப்பாங்களா?"

கையை விடுவித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான். அவர் இவ்வளவு நேரமும் தரையில் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்திருக்கிறான். நாற்காலியை எடுத்துவந்து, துண்டால் தட்டித் துடைத்துப் போட்டான்.

ஜோயல் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து அதில் உட்கார்ந்தார்.