வளைவில் இரண்டு தட்டு

காலி வண்டியின் பின்பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள்.

டக். டக்.

டிரைவர் ஹாரன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்ற பிறகுதான், பின்னால் யாரும் இல்லை என்பதே அவனுக்கு உறைத்தது. பழக்கதோஷத்தில் கால் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது.

சுகாதார நிலையத்து வண்டி அது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி எப்போதோ உடைந்து, அந்த இடத்தில் தகரம் அடித்திருந்தார்கள். பின்னால் நோயாளியோடு உட்காரும் நர்ஸம்மா பேசினால் முன்னால் கேட்காது. அதனால் தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. வேறு பாஷை அந்த வண்டிக்குள் கிடையாது.

ஹாரன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். ஸ்ட்ரெச்சர். மடித்த கம்பளி. சலைன் பாட்டில் மாட்டும் கொக்கி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வேறொன்றுமில்லை.

வெளியே பட்டப்பகல். கல்குவாரி வளைவு. எப்போதும் இதே வளைவுதான்.

பிரசவ வலி என்று யாராவது கூப்பிட்டால் தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருவான். அதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஊரில் அவன் வண்டியில் ஏறாத வயிறு இல்லை. எல்லாரையும் ஏற்றிப் போனான், எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்து விட்டான். கொத்தனாரின் மனைவியைத் தவிர.

அவளுக்கு அது நாலாவது. ஹாரன் போய் நின்றபோது கொத்தனார் வீட்டில் இல்லை. பக்கத்துத் தெருவில் கூரைக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் போய்ச் சொன்னதற்கு, "பாதியில விட்டா விரிசல் விட்டுடும்யா. பொம்பளைங்க சமாச்சாரம்தானே, நர்ஸம்மா இருக்காங்கல்ல" என்றாராம்.

வழியில், இந்த வளைவில், இரண்டு தட்டு. நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

"யாரு நிறுத்தச் சொன்னா? நான் தட்டலையே" என்றார் நர்ஸம்மா. அவர் கை இரண்டும் ரத்தத்தில் இருந்தன.

தட்டியது அவள். படுத்தபடியே தலைக்கு மேலே கையை நீட்டித் தட்டியிருக்கிறாள்.

"அண்ணே, அவரு பின்னால வர்றாரா?"

ஹாரன் திரும்பிப் பார்த்தான். சாலையில் புழுதிதான் இருந்தது.

"வர்றாரும்மா. பைக்ல பின்னாலயே வர்றாரு."

"அப்ப சரி, போலாம்" என்றாள்.

ஆஸ்பத்திரிக் கட்டடம் கண்ணில் படும் முன்பே மறுபடி இரண்டு தட்டு. அது நர்ஸம்மா. அதற்கப்புறம் வேகமாகப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அன்றிலிருந்து வண்டி காலியாக வந்தால், இந்த வளைவில், டக் டக்.

மெக்கானிக்கிடம் காட்டினான். மெக்கானிக் வண்டிக்கு அடியில் புகுந்து, மேலே ஏறி, தகரத்தில் காதை ஒட்டிக் கேட்டு, ஒவ்வொரு திருகையும் முடுக்கிவிட்டு வெளியே வந்தான்.

"வண்டி சுத்தமா இருக்கு. தட்டறது உன் மண்டையிலதான். அதுக்கு என்கிட்ட ஸ்பானர் இல்ல."

ஹாரன் சிரித்து வைத்தான். அந்தப் பெண் என்ன கேட்கத் தட்டுகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்திவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தான்.

வீட்டிலும் ஒரு கதவு அவனுக்காகக் காத்திருந்தது. தாழ்ப்பாள் போட்ட கதவு.

கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு அவன் மனைவிக்கு இதயம் பலவீனம். டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். இன்னொரு பிரசவத்தை இவர் உடம்பு தாங்காது. இவருக்கு மயக்க மருந்து கொடுத்துக் கருத்தடை ஆபரேஷன் செய்வதும் ஆபத்து. ஆனால் உங்களுக்குச் செய்வது சுலபம், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஹாரன் பலமாகத் தலையாட்டினான். அதன் பிறகு வண்டி சர்வீஸுக்குப் போனது. அப்புறம் மழை வந்தது. அப்புறம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, அல்லது வருகிற மாதிரி இருந்தது.

உடம்பில் கத்தி படுவது அவனுக்குப் பயம். டீக்கடையில் நாலு பேர் சிரிப்பது அதைவிடப் பயம்.

அவன் மனைவி சண்டை போடவில்லை. பிள்ளைகளோடு உள்ளறையில் படுத்துக்கொண்டு தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள். சில நாள் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

அன்று மாலை அவள் துணி மடித்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இந்த மாசம் தள்ளிப் போச்சு."

ஹாரனுக்குக் கையில் இருந்த டம்ளர் கனத்தது.

"பயப்படாதீங்க. நேத்து வந்துடுச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? ஹாரன் அடிச்சிருப்பீங்க."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ராத்திரியெல்லாம் ஒண்ணு யோசிச்சுட்டே இருந்தேன்" என்றாள். குழந்தையின் சட்டையை மடித்து வைத்துவிட்டு, மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "ஊர்ல இருக்கிற எல்லார் பொண்டாட்டியையும் ஏத்திட்டுப் போறீங்க. என்னை ஏத்துறப்பவும் நீங்க முன்னாலதான் உக்காந்திருப்பீங்க. தகரத்துக்கு இந்தப் பக்கம் என் கையைப் பிடிக்க யாரு இருப்பா?"

உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. மெதுவாகத்தான் விழுந்தது. ஆனாலும் அவனுக்கு இரண்டு தட்டு மாதிரியே கேட்டது.

அந்த வாரம் நர்ஸம்மா கருத்தடை பற்றிப் பேச, புருஷன்மார்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் போட்டார். இடம், வண்டி நிற்கும் ஷெட். "இத்தனை வருஷமா பொம்பளைங்களைக் கூப்பிட்டுப் பேசிட்டு இருந்தேன். அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரியாதவங்களைக் கூப்பிடணும்னு எனக்கு இப்பதான் புத்தி வந்துச்சு" என்று ஆரம்பித்தார்.

ஆண்கள் சுவரோரமாகச் சாய்ந்து, ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆபரேஷன் பண்ணிட்டா மூட்டை தூக்க முடியாதாமே?" என்றான் லோடுமேன்.

"ஒரு வாரம் தூக்காத. அப்புறம் லாரியையே தூக்கு."

"குரல் மாறிடுமா நர்ஸம்மா?" இது முடிதிருத்துபவர்.

"உன் குரல் மாறினா ஊருக்கே நல்லதுதான். ஆனா மாறாது. ஒண்ணும் மாறாது. ஆசை, பலம், மீசை எல்லாம் அப்படியே இருக்கும்."

சிரிப்பு அடங்க நேரமானது. ஹாரன் வண்டிக்குப் பின்னால் நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டிரைவர் தம்பி, நீ வந்து பேசு. எங்க எல்லாரையும்விட நீதான் அதிகமா பார்த்திருக்க."

"எனக்குப் பேச வராதும்மா."

"ஹாரனே முதல்ல பண்ணிக்கட்டும்" என்றார் முடிதிருத்துபவர். "அப்புறம் வண்டியில ஹாரன் சத்தம் வருதான்னு கேட்டுட்டு நாங்க வர்றோம்."

ஷெட்டே அதிர்ந்தது. ஹாரனின் காது மடல் சுட்டது. டீக்கடை அவனைத் தேடிக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டது.

அப்போது கடைசியில் உட்கார்ந்திருந்த கொத்தனார் எழுந்தார். மனைவி போன பிறகு அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. எழுந்தவர், எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த வண்டியிலதான் போனா" என்றார். "மூணு போதும்னு சொன்னா. நான்தான் பார்க்கலாம் பார்க்கலாம்னுட்டு இருந்தேன். அந்தக் கூரை நல்லாத்தான் இருக்கு. ஒரு விரிசல் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. முடிதிருத்துபவர் தரையைப் பார்த்தார்.

"ஹாரா, நீ என்னைக்குப் போறேன்னு சொல்லு. நான் துணைக்கு வரேன்" என்றார் கொத்தனார்.

இவ்வளவு பேருக்கு நடுவில் கேட்டுவிட்டார். ஹாரனால் மழை என்றோ காய்ச்சல் என்றோ சொல்ல முடியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தடுப்பூசி எடுத்துவர வண்டி போக வேண்டியிருந்தது. போகும்போது ஹாரன் ஓட்டுவான். திரும்பும்போது அந்த ஆஸ்பத்திரி டிரைவர் ஓட்டிவந்து விடுவார். அவன் மனைவி வாசல்வரை வந்தாள். பத்திரம் என்றோ சீக்கிரம் வாருங்கள் என்றோ அவள் சொல்லவில்லை. அவன் சட்டைக் காலரை மட்டும் சரி செய்தாள்.

"முன்னால உக்காருங்கண்ணே" என்றான் ஹாரன்.

கொத்தனார் முன்கதவைத் தாண்டிப் போனார். "பின்னாலயே உக்காந்துக்கறேன்."

"பின்னால தூக்கிப் போடும்."

"போடட்டும்."

கதவு சாத்தும் சத்தம். வண்டி கிளம்பியது. ஊர் எல்லை தாண்டியது. திரும்பிப் போக ஏதாவது காரணம் கிடைக்குமா என்று ஹாரனின் மனம் சாலையோரமெல்லாம் தேடியது. டயர் பஞ்சராகவில்லை. மாடு குறுக்கே வரவில்லை.

கல்குவாரி வளைவு வந்தது.

டக். டக்.

நிறுத்தினான். ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. கொத்தனாருக்கு மனசு மாறிவிட்டது, இறங்கப்போகிறார். அப்படியே திருப்பிவிடலாம்.

பின்கதவைத் திறந்தான். கொத்தனார் பெஞ்சில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, காலி ஸ்ட்ரெச்சரின் ஓரத்தைக் கையால் பிடித்திருந்தார். தகரம் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

"ஏன் நிறுத்தின?" என்றார்.

"நீங்க தட்டலையா?"

"இல்லையே. நானும் கேட்டேன். நீதான் முன்னாலருந்து தட்டறன்னு நினைச்சேன்."

குவாரியில் வேலை நடக்கவில்லை. காற்றுகூட இல்லை. கொக்கி ஆடிக்கொண்டிருந்தது.

ஹாரன் கதவில் கை வைத்தான். இத்தனை நாளும் சாத்திவிட்டுப் போன கதவு. இன்று சாத்த முடியவில்லை. அவன் கொத்தனாரைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பார்த்துச் சொன்னான்.

"வந்துட்டாரும்மா. பின்னாலதான் இருக்காரு."

கொத்தனாரின் பிடி இறுகியது.

"கேட்டாளா?" என்றார். "என்னைக் கேட்டாளா?"

"இந்த இடத்துலதான் கேட்டாங்க. நான் பொய் சொன்னேன்."

கொத்தனார் கீழே இறங்கினார். சாலையோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு தானாகவே முன்னால் வந்து ஏறி, சீட்டில் இருந்த காலித் தடுப்பூசிப் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஹாரன் சாவியைத் திருகினான். என்ஜின் உறுமியது. வலது பக்கம் ஒடித்துத் திருப்பினால் ஊர். நேராகப் போனால் ஆஸ்பத்திரி. கியரின் மேல் வைத்த கை அங்கேயே நின்றது. கத்தி. டீக்கடை. அதற்கு அந்தப் பக்கம், சட்டையை மடித்து மறுபடி பிரித்து மடிக்கும் இரண்டு கைகள்.

பின்னால் யாரும் இல்லை. கதவைப் பூட்டியவன் அவனே.

டக்.

ஒரே ஒரு தட்டு.

இருவரும் திரும்பவில்லை.

"அதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்றார் கொத்தனார்.

"போலாம்னு அர்த்தம்ணே" என்றான் ஹாரன். கியர் விழுந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கியபோது அவன் காலை அகட்டி, பாத்திரத்தில் தண்ணீர் தளும்பாமல் தூக்கி வருபவனைப்போல நடந்தான். தெருவில் நின்ற முடிதிருத்துபவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் வந்த கொத்தனாரைப் பார்த்ததும், "மெதுவா போப்பா" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

அவன் மனைவி பாய் விரித்தாள். அவன் படுத்தான்.

"மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பார்த்து டாக்டர் சரின்னு சொல்லணுமாம். அதுவரைக்கும் உறை போட்டுக்கணும், இல்லன்னா பழையபடி ஜாக்கிரதையா இருக்கணுமாம்" என்றான். "நீ தாழ்ப்பாள் போட்டுக்கலாம்."

அவள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். பிறகு தலையணையை எடுத்துவந்து அவன் பக்கத்தில் போட்டாள்.

"நீங்க நடக்கிற அழகுக்குத் தாழ்ப்பாள் ஒரு கேடா?" என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

மறுபடி வண்டி எடுத்த நாளில், காலியாகத் திரும்பும்போது, கல்குவாரி வளைவில் ஹாரன் வேகத்தைக் குறைத்தான். காதைத் தீட்டினான். என்ஜின் சத்தம் மட்டும் இருந்தது. வளைவு முடியப்போகிறது. முதுகுக்குப் பின்னால் அந்தத் தகரம் மூச்சடக்கிக்கொண்டு காத்திருப்பதுபோல் அவனுக்குத் தோன்றியது.

ஹாரன் கையைப் பின்னால் வளைத்து, விரல் முட்டியால் தகரத்தில் ஒருமுறை தட்டினான்.

போலாம்மா.