மூன்றாவது சாம்பிள்

...வீடியோவில் அழுகை சற்றுத் தாமதமாக வருகிறது, தொடக்கத்திலேயே வந்துவிட்டால் நலம் என்று பிரபாகர் எழுதியிருந்தான். அதைப் படித்தபோது தனக்குக் கோபம் வரவில்லை என்பதே, இப்போது மகளைத் தூக்கிக்கொண்டு இசக்கிமுத்துவின் அறைக்கு மாடிப்படி ஏறுகையில், கதிர்வேலுக்கு விந்தையாகத் தோன்றியது. 'ஓ.கே. சார், சரிசெய்து அனுப்புகிறேன்' என்றுதானே பதில் எழுதினான்? பல ஆண்டுகளாக எழுதிவரும் பதில் அது. அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவு அவன் பொறுப்பு. கடல் கடந்து சரக்கு வாங்கும் பையர் கழுத்து அகலம் என்றால் குறைப்பான், மறுநாள் அதே பையர் குறுகல் என்றால் கூட்டுவான், சாம்பிள் பாஸாகும் வரை ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை... ஆனால் இங்கே பையர் யார்? பிரபாகரின் விளம்பர ஏஜென்சிக்கு முன்பணம் கொடுத்தவன் இவன், வசூலாகும் நிதியில் பங்கு தர ஒப்புக்கொண்டவனும் இவன், பணம் கொடுப்பவன்தானே குறை சொல்ல வேண்டும்? கேள்வி ஒரு படியில் எழுந்து அடுத்த படியில் மறைந்தது, ஏனெனில் தேஜஸ்ரீயின் முதுகு அழுந்தாமல் பிடிக்க வேண்டியிருந்தது. ஒன்பது வயது முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகிறது, மழைக்காலத்திற்குள் அறுவை சிகிச்சை செய்யாவிடில் நுரையீரலை நெருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார், தோட்டத்தை விற்றும் பற்றவில்லை, மீதியை முகம் தெரியாதவர்கள்தாம் இணையத்தில் பார்த்து, இரங்கி, சிறுகச் சிறுக அனுப்ப வேண்டும். இரங்க வேண்டும். அதற்குத்தான் ஏஜென்சி.

முதலில் அமர்த்திய ஏஜென்சி ஒன்றும் அறியாதது, மகளின் படத்தை உறவினர் குழுக்களில் பரப்பியதே அது செய்த வேலை. பழனிமுத்து மாமா அன்றே அழைத்தார். “ஏனுங்க மாப்ள, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லீருந்தா பண்ணியிருக்க மாட்டமுங்களா? இப்பிடி ஊரு சனமெல்லாம் பாக்கற மாதிரி போட்டுட்டீங்களே!” என்று வருந்தினார், வருந்தியதோடு கடமை முடிந்ததென்று அமைந்துவிட்டார். பிரபாகர் அப்படியல்லன், தொழில் தெரிந்தவன். முதல் வீடியோவைப் பார்த்ததும் தொலைபேசியில் நிதானமாக விளக்கினான்: “பாப்பா வலிய அடக்கிக்கறாங்க சார், பாக்கறவங்களுக்கு அது வலின்னே தெரியாது.” உண்மையாகவே வலித்த ஒரு பிற்பகலில் எடுத்தது அது, தேஜஸ்ரீ பனியன் கழுத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஓசையின்றி, கண்களை அகலத் திறந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு வலி எப்போதும் அப்படித்தான் வரும்... ரிஜெக்ட். பின்னால் குளிர்பதனப் பெட்டி தெரிகிறது, தாயின் கழுத்தில் சங்கிலி தெரிகிறது, வலி தெரியவில்லை. இரண்டாவதில் கதிர்வேல் மகளுக்கு அழக் கற்றுக்கொடுத்தான், மனைவியைச் சங்கிலியைக் கழற்றச் சொன்னான், ஆயினும் தரை பளபளத்தது, அழுகை தாமதித்தது. “இனி நானு வரலீங்க, நீங்களே புடிச்சுக்குங்க” என்று மனைவி கீர்த்தனா சமையலறைக்குள் போய்விட்டாள். பிரபாகரின் யோசனைப்படி வேறு அறை தேவைப்பட்டது, கதிர்வேலுக்கு உடனே நினைவில் வந்தவன் தன் பிரிவில் தையல் போடும் இசக்கிமுத்து. ஏன் அவன் உடனே நினைவுக்கு வந்தான்?

இசக்கிமுத்துவின் மனைவி நாகஜோதி அறையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள், வாசல் வரை ஃபினாயில் மணந்தது. “வாங்க சார், பிள்ளைய இதுல கிடத்துங்க. புது விரிப்பு, இன்னைக்குத்தான் பிரிச்சேன்” என்றாள். கதிர்வேல் ஒரு படம் எடுத்து அனுப்பினான், பிரபாகரின் பதில் உடனே வந்தது: மிகவும் சுத்தமாக உள்ளது. வேறு என்ன செய்ய முடியும், ஒரு சாம்பிளில் இரண்டு முறை ஒரே குறை வந்தால் அது யாருடைய தவறு?

“பழைய விரிப்பு இருக்குதுங்களா?”

“இருக்கு சார்... தொவைக்கக் கெடக்கு. கைப்பிள்ள படுத்தது, வாடை அடிக்கும்.”

“வாடை படத்துல தெரியாதுங்க.”

கதவில் சாய்ந்திருந்த இசக்கிமுத்து சிரித்தான். “பாத்தியாட்டி, நம்ம ரூமு எக்ஸ்போர்ட்டுக்குப் போவுது!” அவள் சிரிக்கவில்லை, புது விரிப்பை மடித்த மடிப்பிலேயே மடித்துக்கொண்டு, “எங்க வீடு பாக்கதுக்கு அம்புட்டுப் பாவமாவா சார் இருக்கு?” என்று கேட்டாள். கேட்டது அவனுக்கு நன்றாகவே கேட்டது. சன்னல் வெளிச்சம் மகளின் முகத்தில் எந்தக் கோணத்தில் விழுகிறது என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கண்ணு, அப்பா கைய ஆட்டுனதுமே அழுகோணும், செரியா?” “செரிங்கப்பா. சத்தமாவுங்களா, மெதுவாவுங்களா?” “சத்தமா. மூஞ்சிய இந்தப் பக்கம் வெச்சுக்க.” அவள் அழுதாள், எவ்வளவு நேர்த்தியாக அழுதாள், உதடு பிதுங்கியது, கண்ணீர் கன்னத்தின் நடுவே இறங்கியது, “வலிக்குதுங்கப்பா, வலிக்குதுங்கப்பா” என்ற குரல் அவனையே ஒரு கணம் நம்பவைத்தது, நாகஜோதி தாங்க மாட்டாமல் பிள்ளையை அள்ள ஓடி வந்தாள், அவளைச் சட்டகத்திற்கு வெளியே விலகச் சொல்லிக் கதிர்வேல் கையசைத்தான். அனுப்பினான். காத்திருந்தான். ‘பெர்ஃபெக்ட் சார். இன்றே வெளியிடுகிறோம்’ என்று வந்தபோது மார்பில் பரவிய இதத்தை அவன் நன்கறிவான், பையர் ஆர்டரை உறுதிசெய்யும் நாட்களில் பரவும் அதே இதம், மகளுக்கு அறுவை நடக்கும், நடந்துவிடும், நிமிர்ந்து நிற்பாள்... அவன் திரும்பிப் பார்த்தான். பழைய விரிப்பின் மேல் தேஜஸ்ரீ சுவர்ப் பக்கம் புரண்டிருந்தாள். பனியன் கழுத்து வாய்க்குள் இருந்தது. ஓசையில்லை, கண்கள் அகலத் திறந்து சுவரில் ஒரே இடத்தைப் பார்த்தன. எப்போதிலிருந்து? படியேறும்போதே தொடங்கியிருந்ததா, அழுதபோது அந்த அழுகைக்கு அடியில் இது ஓடிக்கொண்டிருந்ததா? மண்டியிட்டு முதுகைத் தாங்க வேண்டும், மாத்திரை பையில் இருக்கிறது, எடுக்க வேண்டும்; எல்லாம் தெரிந்திருந்தும் அவன் மனத்தில் முதலில் வந்து நின்றது, இது முன்பே ரிஜெக்ட் ஆனது என்பதுதான்.

“கண்ணு... வலிக்குதா சாமி?”

அவள் பனியன் கழுத்தை விடுவித்தாள். தகப்பன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கையிலிருந்த அலைபேசியைப் பார்த்தாள். “ஆமாங்கப்பா. இப்ப எப்பிடி அழுகறதுங்க, சத்தமாவுங்களா?”

அழுக வேண்டாம் கண்ணு என்று சொல்ல வாயெடுத்தான், ஆனால் நாக்கின் நுனியில் அதற்கு முன்பே வேறொரு விடை ஆயத்தமாக நின்றுகொண்டிருந்தது, சன்னல் வெளிச்சமும் இன்னும் குறையவில்லை...